சொந்தமாகக் கட்டிய கஸ்டம் பைக்கை மோட்டார் பத்திரிகைக்காரர்களிடம் காட்டுவது எப்படி? அவர்கள் எதைப் பார்ப்பார்கள்?

அடியில் குனிந்து பார்ப்பார்கள், அப்புறம் ஓட்டிப் பார்ப்பார்கள். பெயின்ட்டெல்லாம் போட்டோவுக்குத்தான்.

நான் குன்னூர். பழைய யெஸ்டி ரோடுகிங் பைக் ஒன்றை, கரடுமுரடான பாதையிலும் ஓடும் ஸ்க்ராம்ப்ளராகக் கட்டி, கோவையிலிருந்து வந்த ஒரு நிருபருக்குக் காட்டிய அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் மெயில். சுருக்கமாகப் போதும்: எந்த வண்டி, எந்த வருஷ மாடல், என்ன மாற்றினீர்கள், ஏன். வாங்கியபோது துருப்பிடித்து நின்ற படம், பாதி வேலையில் எடுத்த படம், முடிந்தபின் வெயிலில் எடுத்த படம். ஃபில்டர் போடாதீர்கள். பாதி வேலைப் படம் இல்லையென்றால் யாரோ கட்டியதை வாங்கி வைத்திருக்கிறோம் என்று சந்தேகப்படுவார்கள், நியாயம்தானே.

வந்த தம்பி டேங்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையில் குந்தி உட்கார்ந்து சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தார். "இந்த வெல்டிங் நீங்களே அடிச்சதாண்ணா?" சீட் ஃபிரேம் நான் அடித்தது, ஸ்பேசர் லேத்தில் கொடுத்துக் கடைந்தது, சீட் குன்னூர் பெட்ஃபோர்டில் குஷன் கடைக்காரர் தைத்தது என்று பிரித்துச் சொன்னேன். எல்லாம் நானே என்று அளந்துவிட்டால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம். அதைவிட முக்கியம், உழைத்தவர் பெயர் அச்சில் வர வேண்டாமா?

அதற்கப்புறம் வந்ததெல்லாம் "ஏன்"தான். பின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஏன் பெரிசு, ஹேண்டில்பார் ஏன் இவ்வளவு அகலம். மலை ஏற்றத்துக்காக, கொண்டை ஊசியில் திருப்புவதற்காக என்று என்னிடம் பதில் இருந்தது. "பார்க்க நல்லா இருக்கும்னு" என்பதும் ஒரு பதில்தான், ஆனால் ஒரு வண்டிக்கு ஒரு தடவைக்கு மேல் சொன்னால் முகம் மாறும்.

யெஸ்டியில் ஒரு வேடிக்கை உண்டு. கிக்கரும் கியர் லிவரும் ஒன்றே. கியர் லிவரை உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர். 1996-ல் மைசூர் ஐடியல் ஜாவா மூடியபோது அந்தத் தம்பி பிறந்திருக்கவே மாட்டார், கிக்கரைத் தேடிக்கொண்டு நின்றார். கடைசியில் கட்டுரையில் என் வேலைப்பாட்டைவிட அந்த லிவருக்குத்தான் அதிக வரி! ஓட்டக் கொடுக்குமுன் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தேன். இதில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் இன்ஜினுக்குப் போகிறது. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடியபடியே செகண்ட் கியரில் உருண்டால் பிஸ்டனுக்கு எண்ணெய் பத்தாது, சீஸ் ஆகும், அதாவது இறுகிப் பிடித்துக்கொள்ளும். நடுநடுவே கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்க வேண்டும்.

ஓட்டியது எஸ்டேட்டுக்குள் இருக்கும் தனியார் ரோட்டில், மேனேஜரிடம் அனுமதி வாங்கி. காரணம் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. மாற்றிய வண்டியை நம்பர் பிளேட்டோடு பத்திரிகையில் போடுவது நாமே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம். அடிபட்டால் இன்ஷூரன்ஸ்காரரும் கையை விரிக்கலாம். நான் மெயின் ஃபிரேமை வெட்டாமல் சீட் ஃபிரேமை போல்ட்டில் மாட்டியிருக்கிறேன், சேஸிஸ் நம்பர் பக்கம் கிரைண்டரே போகவில்லை. அதனால் மட்டும் எல்லாம் சட்டப்படி ஆகிவிடாது, ஆனால் பழையபடி மாற்ற முடியும். இதை நிருபரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் அவர் பெயரும் சேர்ந்து கெடும்.

"செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேக்குக் கொண்டு வர்றீங்களாண்ணா?" என்று அடுத்துக் கேட்டார். அது கோவைப் பக்கத்து ரேஸ் டிராக் என்பதால் சட்டச் சிக்கல் குறைவு. ஆனால் மலைக்காரர்களுக்கு ஜெட் சிக்கல் இருக்கிறது. ஜெட் என்பது கார்பரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் ஐந்தில் நாலு பங்குதான். கீழே டியூன் செய்த கார்பரேட்டர் மேலே வந்தால் காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல் போகும், ப்ளக் கரி பிடிக்கும், பிக்-அப் சாகும். அதனால் சின்ன மெயின் ஜெட் போட்டு ஓட்டுகிறோம். அதே ஜெட்டோடு கோவையில் முழு ஆக்சிலேட்டரில் டிராக் சுற்றினால் கலவை லீன் ஆகி, அதாவது பெட்ரோல் குறைந்து, இன்ஜின் சூடேறி பிஸ்டனே போகும். வண்டியை பிக்கப்பில் ஏற்றி இறக்கி, பெரிய ஜெட் மாட்டி, கலவை சரியா என்று ப்ளக் நிறத்தைப் பார்த்தபிறகுதான் சாவியைக் கொடுக்க வேண்டும்.

போட்டோ எடுக்கக் காலையிலேயே வரச் சொல்லுங்கள். மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கினால் எதிரே நிற்கும் வண்டியே தெரியாது. 2024 மே முதல் நீலகிரிக்கு வரும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் முறை இருக்கிறது, டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவெண் வைத்திருக்கும் நமக்கு அந்த ஞாபகமே வராது. வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காட்டுக்குள் போய் எடுக்கலாம் என்பார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் வேண்டாம்.

அச்சுக்கு முன் கட்டுரையைக் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள், பெரும்பாலும் காட்ட மாட்டார்கள். விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே பாதிப் பிழை வராது. கட்டுரை போடப் பணம் கேட்டால் அதற்குப் பெயர் விளம்பரம், மரியாதையாக விலகிவிடுங்கள். எடுத்த படங்களை நம் பக்கத்தில் போடலாமா, போட்டால் எப்போது என்பதை மட்டும் போட்டோகிராபரிடம் அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.