பல வருடங்களாகப் பாதியில் கிடக்கும் கைத்தையல் குயில்ட்களை எப்படி முடிப்பது?

வீட்டில் நான்கு பேருக்காக ஆரம்பித்த நான்கு குயில்ட்கள் (துண்டுத் துணிகளைச் சேர்த்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி என மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வைகள்) பை பையாக அலமாரியில் கிடக்கின்றன, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் மூன்று இருந்தன. எல்லாமே பத்து வருடத்துக்கு மேல் பழையவை. ஒவ்வொன்றாக முடித்து உரியவர்களிடம் கொடுத்துவிட்டேன் என்பதால் எழுதுகிறேன்.

முதல் நாள் ஊசியை எடுக்காதீர்கள். நான்கையும் தரையில் விரித்து, எது எந்த இடத்தில் நின்றது என்று மட்டும் பாருங்கள். நேரம் இல்லாமல்தான் நின்றுவிட்டது என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். விரித்த பிறகுதான் புரிந்தது, ஒவ்வொன்றும் நான் ஏதோ ஒன்றைத் தீர்மானிக்காமல் விட்ட இடத்தில் நின்றிருந்தது. தங்கை மகளுடையது அடித்துணிக்கு என்ன நிறம் என்பதில் நின்றது. என் மகனுடையதில் எந்த டிசைனில் தைப்பது என்று முடிவாகவில்லை. அம்மா என் தம்பிக்காக ஆரம்பித்தது வேறு கதை, அதற்கு வருகிறேன்.

அப்புறம், பொருள்களைச் சோதியுங்கள். பழைய பருத்தி நூலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். பட்டென்று அறுந்தால் அந்தக் கண்டையே வேண்டாம். ஈரமான வெள்ளைத் துணியால் அடர்நிறத் துண்டுகளைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. நீரில் கரையும் நீலப் பேனாவால் கோடு போட்டிருந்தால், அதை அலசிப் போக்கும் முன் இஸ்திரிப் பெட்டி படக் கூடாது. சூடு பட்டால் அந்தக் கோடு நிலைத்துவிடும்.

தங்கை மகளுக்கு 2010இல், அவள் பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்தது. 36க்கு 45 அங்குலம், முழுக்க வாத்துக்குட்டிகள். திரும்பக் கையில் எடுத்தபோது அவளுக்கு 13 வயது. இந்த வயதில் வாத்து பிடிக்குமா என்று தயங்கி, கடைசியில் அவளையே கூப்பிட்டுக் காட்டினேன். "வாத்தை எடுத்துடாதீங்க பெரியம்மா, பெருசா மட்டும் ஆக்குங்க" என்றாள். மேல்துணி மட்டும்தான் முடிந்திருந்தது, பஞ்சு விரிப்போடு இன்னும் சேர்க்கவில்லை. அதனால் சுற்றிலும் 6 அங்குலக் கரை வைத்து 48க்கு 57 ஆக்குவது எளிதாகப் போயிற்று. கரைக்கும் அடித்துணிக்கும் கருநீலத்தை அவளே தேர்ந்தெடுத்தாள். பதின்மூன்று வருடம் நான் தள்ளிப்போட்ட முடிவு, ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஆகவே, யாருக்கான போர்வையோ அவரிடம் கேளுங்கள். திடீரென்று கொடுத்து ஆச்சரியப்படுத்துவதைவிட இதில் சந்தோஷம் அதிகம் என்பது என் அனுபவம்.

மகனுடையதற்கு டிசைனே வேண்டாம் என்று முடிவு செய்தேன். மூன்று அடுக்கையும் சேர்த்து, 4 அங்குலத்துக்கு ஒரு முடிச்சாகத் தடித்த நூலால் கட்டிவிட்டேன். இதுவும் குயில்ட் செய்யும் பழைய முறைதான், எந்த விதத்திலும் குறைந்ததில்லை. முடிச்சுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது உங்கள் பஞ்சு விரிப்பின் உறையில் இருக்கும். அதைத் தாண்டினால் துவைக்கும்போது பஞ்சு ஒரு பக்கமாகத் திரண்டுவிடும். நான்கில் ஒன்றையாவது இப்படி முடியுங்கள். ஒன்று முடிந்த பிறகு மற்றவற்றின் மேல் கை தானாகப் போகும்.

அம்மா 2008இல் ஆரம்பித்தது தம்பியின் பழைய சட்டைகளை வெட்டிச் சேர்த்த குயில்ட். பாதி வரை கையால் தைத்திருந்தார். கண் மங்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார். மீதிப் பாதியில் அடுக்குகள் நழுவாமல் இருக்கக் குத்திய ஊக்குகள் அப்படியே இருந்தன. அதுதான் தவறாகப் போயிற்று. ஒவ்வொரு ஊக்கையும் கழற்றக் கழற்ற, அடியில் மிளகளவு துருக்கறை. உங்கள் பைகளிலும் ஊக்கு இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள், தைப்பதை அப்புறம் பார்க்கலாம். கறையைப் போக்கப் புளிப்பான எதையாவது தடவினால் சட்டைகளின் நிறம் வெளுத்துவிடுமோ என்று பயந்தேன். அதனால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சின்ன இலை வடிவில் துணி வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தேன். மொத்தம் 31 இலைகள்.

அம்மாவின் தையல் ஒரு அங்குலத்துக்கு எட்டு வரும். எனக்கு ஐந்துதான். எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று அவர் தைத்ததைப் பிரித்துவிட ஒரு நாள் கத்தரிக்கோலைக்கூட எடுத்தேன். நல்லவேளை, கை வரவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து என் தையலைத் தொடர்ந்தேன். முடித்ததும் அம்மாவின் மடியில் வைத்தேன். பார்வை சரியாக இல்லாததால் விரலால் தடவிக்கொண்டே போனவர், நடுவில் ஓரிடத்தில் நின்று, "இங்கதானே நான் விட்டேன்?" என்றார்.

போர்வையின் ஓரத்தைச் சுற்றி மூடும் ஓரப்பட்டிக்கு 2½ அங்குலப் பட்டையை இரட்டையாக மடித்து, அடிப்பக்கம் எம்மிங் செய்தால் போதும். சுற்றளவைவிட 10 அங்குலமாவது கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள், மூலைகளில் மடிப்பதற்கு வேண்டும். பருத்திப் பஞ்சு விரிப்பு முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கக்கூடும். அந்தச் சுருக்கம் வந்த பிறகுதான் குயில்ட் பார்க்க அழகாக இருக்கும், பயப்படாதீர்கள்.

கடைசியாக, அடிப்பக்க மூலையில் ஒரு சின்னத் துணியில் பெயரும் வருடமும் தைத்துவிடுங்கள். ஆரம்பித்த வருடத்தையும் சேர்த்தே போடுங்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. தம்பியுடையதில் இப்படி இருக்கிறது: "ஆரம்பித்தது அம்மா, 2008. முடித்தது அக்கா, 2024."