பள்ளியை மூடப் போகிறார்களாம்: யாரைக் கேட்பது, எப்போது கேட்பது?

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில் இருக்கிறோம். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று எங்கள் ஆரம்பப் பள்ளியை மூடுவதைப் பற்றி, ஊர்ப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டில் பேச்சு அடிபடுகிறது. போன மாதம் டிஸ்ட்ரிக்ட்டை ஆளும் ஐந்து பேர் போர்டின் மீட்டிங்குக்குப் போய் இரண்டு நிமிடம் பேசினேன். ஐந்து பேரும் முகத்தைக்கூட அசைக்கவில்லை, ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதே கூட்டத்தில் டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டென்ட்டுக்குச் சம்பள உயர்வு கொடுத்தார்கள். எங்களுக்கு எச்1பி விசாதான், ஓட்டு கிடையாது. தட்டிக் கேட்க வழி ஏதாவது உண்டா? மகளைத் தினமும் பள்ளிக்குக் கூட்டிப்போவது என் மாமியார். அவரும் பேச வேண்டும் என்கிறார், ஆனால் ஆங்கிலம் வராது.

பதில்: முதலில் அந்த மௌனத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அங்கேயே மனம் விட்டுப்போய் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் 1953 முதல் பிரௌன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகள் எல்லா முடிவையும் ஊரார் பார்க்க எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அஜெண்டாவில் இல்லாத ஒரு விஷயத்தை போர்டு உறுப்பினர்கள் அந்தக் கூட்டத்தில் விவாதிக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. பள்ளி மூடல் அன்றைய அஜெண்டாவில் இல்லையென்றால், உங்களுக்குச் சுருக்கமாக ஒரு வார்த்தை சொல்லலாம், அவ்வளவுதான். அந்தக் கல் முகத்தில் திமிரும் இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. பாதிக்கு மேல் சட்டம்.

அதே சட்டம் உங்கள் கையிலும் சில ஆயுதங்களைக் கொடுத்திருக்கிறது. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டாவை ஒட்ட வேண்டும், இணையதளத்திலும் போட வேண்டும். சிறப்புக் கூட்டம் என்றால் 24 மணி நேரம். பள்ளி டிஸ்ட்ரிக்ட்டுகளுக்குக் கல்விச் சட்டத்தில் இன்னொரு வசதியும் உண்டு: ஊர்க்காரர் எவரும் டிஸ்ட்ரிக்ட் வேலை தொடர்பான ஒரு விஷயத்தை அஜெண்டாவில் சேர்க்கும்படி கேட்கலாம். இதை யாரும் பயன்படுத்துவதில்லை. எழுத்தில் கேளுங்கள். எத்தனை நாள் முன்பாகக் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் டிஸ்ட்ரிக்ட்டின் போர்டு விதிகளில் இருக்கும். அஜெண்டாவில் ஏறிவிட்டால் அப்புறம் “பேசக் கூடாது” என்ற சாக்கு அவர்களுக்கு இல்லை.

அடுத்து, யாரைக் கேட்பது. நம் ஊர்ப் பழக்கத்தில் நாம் நேராகத் தலைமை ஆசிரியரிடம் போய் நிற்போம். முதன்மைக் கல்வி அலுவலர் என்றால் மேலிடத்திலிருந்து வந்தவர், அவரை நாம் என்ன செய்ய முடியும் என்று விட்டுவிடுவோம். இங்கே அமைப்பே வேறு. சூப்பரின்டெண்டென்ட் என்பவர் அந்த ஐந்து பேரும் ஒப்பந்தம் போட்டு வேலைக்கு வைத்த ஆள். அந்த ஐந்து பேரை வைத்தது ஊர். பல டிஸ்ட்ரிக்ட்டுகளில் இப்போது பகுதி வாரியாகத் தேர்தல் நடப்பதால், உங்கள் தெருவுக்கென்று ஒரு ட்ரஸ்டி, அதாவது போர்டு உறுப்பினர், இருக்கக்கூடும். அவர் பெயரைக் கண்டுபிடித்து, ஒரு காபிக்கு நேரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். மேடையில் பேச முடியாதவர் காபிக் கடையில் பேசுவார். ஒன்று மட்டும் கவனம்: அவர் சொன்னதை அடுத்த ட்ரஸ்டியிடம் கொண்டுபோய், அவர் சொன்னதை மூன்றாமவரிடம் சொல்லித் தூது போகாதீர்கள். பெரும்பான்மை உறுப்பினர்கள் இப்படி மறைவாகக் கருத்தைப் பரிமாறிக்கொள்வதும் பிரௌன் சட்டப்படி தப்பு. ஒவ்வொருவரிடமும் உங்கள் கருத்தை மட்டும் சொன்னால் போதும்.

சம்பள உயர்வு விஷயம். சூப்பரின்டெண்டென்ட் சம்பளத்தைச் சிறப்புக் கூட்டத்தில் வைத்து முடிக்கக் கூடாது, வழக்கமான கூட்டத்தில்தான் செய்ய வேண்டும். ஓட்டெடுப்புக்கு முன் எவ்வளவு சம்பளம், என்னென்ன சலுகை என்று வாயால் சுருக்கமாகச் சொல்லவும் வேண்டும். போன மாதக் கூட்டத்தின் பதிவைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அப்படிச் சொன்னார்களா? ஒப்பந்தமும் பொது ஆவணம்தான், கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

இங்கே என் கதை ஒன்று. சில வருடங்களுக்கு முன் வேறொரு டிஸ்ட்ரிக்ட்டில் நானும் உங்களைப் போல மைக்குக்காகக் காத்திருந்தேன். மேடைக்குப் பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு. பின் வரிசையில் என் சின்னவன் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ராத்திரி பத்தரை. நான் பேச வந்த விஷயம் இன்னும் வரவில்லையே என்று பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கேட்டேன். “அது கன்சென்ட்டில் போயாச்சே” என்றார். கன்சென்ட் காலண்டர் என்பது சாதாரணக் காரியங்கள் என்று இருபது முப்பது ஐட்டங்களை ஒரே கட்டாகக் கட்டி ஒரே ஓட்டில் நிறைவேற்றுவது. பிள்ளை வருகைக் கணக்கை ஆராய ஒரு கன்சல்டன்ட்டை அமர்த்தும் ஒப்பந்தம் அந்தக் கட்டுக்குள் இருந்தது. பள்ளி மூடலின் முதல் காலடி அதுதான் என்று ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து அஜெண்டாவை நான் கன்சென்ட்டிலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பேன். சந்தேகமான ஐட்டத்தைத் தனியே எடுத்து விவாதிக்கும்படி உங்கள் ட்ரஸ்டியிடம் முந்தின நாளே கேளுங்கள்.

ஆக, மைக் கடைசி நாள் வேலை. உண்மையான வேலை காகிதத்தில் இருக்கிறது.

பிள்ளைகள் குறைவது பொய் இல்லை. 2004-05இல் கலிஃபோர்னியா அரசுப் பள்ளிகளில் சுமார் 63 லட்சம் பேர் படித்தார்கள். 2023-24இல் சுமார் 58 லட்சம். மாநிலத்தின் பணம் பிள்ளைகளின் சராசரி வருகையைப் பார்த்து வருவதால், தலை குறைந்தால் காசும் குறையும். அதை மறுத்து வாதாடாதீர்கள், தோற்பீர்கள். கேட்க வேண்டியது, இந்தப் பள்ளியை மூடினால் மிச்சமாகும் தொகை எவ்வளவு, அந்தக் கணக்கு எங்கே என்பது. செலவில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளம், ஆசிரியர்களோ பெரும்பாலும் பிள்ளைகளோடு அடுத்த பள்ளிக்குப் போவார்கள். மிஞ்சுவது பிரின்சிபால், ஆபீஸ், துப்புரவு, மின்சாரம், பராமரிப்பு. சில ஊர்களில் அந்தத் தொகை கணிசமாக இருக்கும். சில ஊர்களில் கணக்கைப் பார்த்தால் இதற்கா இவ்வளவு என்று இருக்கும்.

கேட்கும் முறை: மாநிலப் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் ஒரு மின்னஞ்சல். நம் ஊர் ஆர்டிஐ மாதிரிதான், ஏன் கேட்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். ஆவணம் தர முடியுமா முடியாதா என்று 10 நாளுக்குள் சொல்ல வேண்டும். சில காரணங்களுக்காக இன்னும் 14 நாள் நீட்டிக்கலாம். “பள்ளி மூடல் தொடர்பான எல்லா மின்னஞ்சல்களும்” என்று கேட்காதீர்கள், மாதக்கணக்கில் இழுக்கும். சேமிப்புக் கணக்குத் தாள், அடுத்த ஐந்து வருட மாணவர் எண்ணிக்கை மதிப்பீடு, கன்சல்டன்ட் ஒப்பந்தம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இடைக்கால நிதி அறிக்கைக்குக் கேட்கக்கூட வேண்டாம். டிசம்பரிலும் மார்ச்சிலும் போர்டு முன் வந்தே ஆக வேண்டும். அதில் செலவைச் சமாளிக்க முடியும் என்றால் பாசிட்டிவ், சந்தேகம் என்றால் குவாலிஃபைட், முடியாது என்றால் நெகட்டிவ் என்று டிஸ்ட்ரிக்ட் தனக்குத் தானே மார்க் போட்டிருக்கும். பாசிட்டிவ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கூட்டத்தில் “பணமே இல்லை” என்று சொன்னால், அந்த ஒரு பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.

மூடிய பிறகு கட்டடத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ நினைத்தால் 7 முதல் 11 பேர் கொண்ட ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும். செவன்-இலெவன் கமிட்டி என்று சொல்வார்கள், கடைப் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். பே ஏரியாவில் நிலத்தின் விலை உங்களுக்கே தெரியும். நிலத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

ஓட்டு இல்லாதது பற்றி. கூட்டத்துக்கு வர, பேச, ஆவணம் கேட்க ஓட்டோ குடியுரிமையோ வேண்டாம். வருகைத் தாளில் பெயர் எழுதினால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்லவும் முடியாது. பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து அமரும் பள்ளியின் சைட் கவுன்சிலில் பெற்றோர் பிரதிநிதியாக நிற்கலாம். டிஸ்ட்ரிக்ட் ஒவ்வொரு வருடமும் ஜூலை 1க்குள் நிறைவேற்ற வேண்டிய எல்கேப் (LCAP) என்ற இலக்கு, செலவுத் திட்டத்துக்குப் பெற்றோர் ஆலோசனைக் குழு உண்டு. அந்தக் குழு சொல்லும் கருத்துக்குச் சூப்பரின்டெண்டென்ட் எழுத்தில் பதில் தர வேண்டும். மைக்கில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும். என்னைக் கேட்டால் அந்த ஒரு நாற்காலி பத்து முறை மைக்கில் பேசியதற்குச் சமம்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். ட்ரஸ்டியைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கும் மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள், அது பதிவு பெற்ற வாக்காளருக்கு மட்டும். வாக்காளர் பதிவுப் படிவம் எதிலும் தெரியாமல் டிக் அடித்துவிடாதீர்கள், விசாவுக்கு வினையாகிவிடும். சான் ஃபிரான்சிஸ்கோவில் மட்டும் 2016இல் மக்கள் ஓட்டெடுப்பில் வந்த விதிப்படி குடியுரிமை இல்லாத பெற்றோர் பள்ளி போர்டுக்கு வாக்களிக்கலாம். அங்கே இருந்தாலும் குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

திரும்ப அழைத்தல் நடக்காத காரியம் இல்லை. அதே சான் ஃபிரான்சிஸ்கோவில் 2022 பிப்ரவரி 15 அன்று மூன்று உறுப்பினர்களை ஊர் இறக்கியது. கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது 44 பள்ளிகளுக்குப் பெயர் மாற்றுவதில் போர்டு மும்முரமாக இருந்ததைப் பெற்றோர் மறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிடிக்கும் காலத்தில் உங்கள் பள்ளிக்குப் பூட்டு விழுந்திருக்கும். ஓக்லண்டைப் பாருங்கள்: 2022 பிப்ரவரியில் போர்டு பல பள்ளிகளை மூட ஓட்டுப் போட்டது, நவம்பர் தேர்தலில் ஆட்கள் மாறினார்கள், 2023 ஜனவரியில் புதிய போர்டு, இன்னும் மூடாமல் இருந்தவற்றைக் காப்பாற்றியது. ஏற்கெனவே மூடியவற்றின் பிள்ளைகள் அதற்குள் வேறு பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். அதனால்தான் டிசம்பர் அறிக்கைக்கு முன்பே ஆரம்பியுங்கள் என்கிறேன். ஓட்டு உள்ள பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொள்ளுங்கள். பகுதி வாரித் தேர்தலில் ஒரு தெருவே கணக்கில் வரும், அது ட்ரஸ்டிக்கும் தெரியும்.

கடைசியாக உங்கள் மாமியார். தாராளமாகப் பேசட்டும், தமிழிலேயே. மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுபவருக்கு, அரங்கில் உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி இல்லாவிட்டால், நேரத்தை இரண்டு மடங்காகத் தர வேண்டும் என்பது சட்டம். இரண்டு நிமிடம் நான்காகும். நீங்களே பக்கத்தில் நின்று சொல்லலாம். பேசப் பெயர் கொடுக்கும் சீட்டு எழுதும்போதே மொழிபெயர்ப்பு இருக்கிறது என்று கிளார்க்கிடம் சொல்லிவிடுங்கள். கொள்கையெல்லாம் அத்தை பேச வேண்டாம். எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார், பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு எந்தச் சிக்னலைக் கடக்கிறார், அடுத்த பள்ளிக்கு நடந்தால் அதுபோல எத்தனை சிக்னல், இதைச் சொன்னால் போதும். போவதற்கு முன் ஒரு நாள் காலையில் இருவரும் அந்த வழியை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள், எண்ணிக்கை சரியாக இருக்கட்டும்.