பிளாக் பெல்ட் எத்தனை மாதத்தில்?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

என் மகனுக்கு ஒன்பது வயது. ஊர்க் கொடையில் கம்பு சுற்றுவதைப் பார்த்ததிலிருந்து சிலம்பம் படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கான். எங்கள் தெருவிலேயே ஒரு மொட்டை மாடியில் கராத்தே வகுப்பு நடக்கிறது. 'போதிதர்மர் தந்த கலை, ஒன்றரை வருடத்தில் பிளாக் பெல்ட்' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு 41 வயது, கூடவே சேர்ந்தால் என்ன என்றும் ஓர் ஆசை. எதில் சேரலாம்? இந்தக் கலைகள் ஒழுக்கம் தரும் என்கிறார்களே, அது எப்படி? பள்ளிக்கூடத்தில் போய் எவனையாவது அடித்துவிடுவானோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

இ., பாளையங்கோட்டை

அன்புள்ள இ.,

முதலில் அந்த நோட்டீஸ். பெல்ட் முறை கராத்தேயில் பிறந்ததல்ல. 1882இல் ஜூடோவுக்கென்று கொடோகான் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ உண்டாக்கிய தர வரிசை அது. ஒகினாவாத் தீவின் கராத்தேயை 1922இல் டோக்கியோவில் செய்துகாட்டிய கிச்சின் ஃபுனகோஷி பின்னாளில் அதை எடுத்துக்கொண்டார். பிளாக் பெல்ட்டில் முதல் படியின் பெயர் 'ஷோடான்', தொடக்கப் படி என்று பொருள். எழுத்துக்கூட்டி வாசிக்க வந்துவிட்டது, இனிப் பாடத்துக்குப் போகலாம் என்கிற கணக்கு. வாரம் மூன்று நாள் விடாமல் போகிறவருக்கே அதற்கு நாலைந்து வருடம் பிடிக்கும். போதிதர்மர் கதைக்கு ஆதாரமாகக் காட்டும் 'யிஜின் ஜிங்' என்ற சீன நூல் அவருக்கு ஆயிரம் வருடம் பிந்தி, 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது என்பதே ஆய்வாளர்கள் கருத்து. அதை விட்டுவிடுங்கள்.

கராத்தேயா சிலம்பமா என்று முடிவுகட்டும் முன் இரண்டு இடத்துக்கும் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். முதலில் தரையைப் பாருங்கள். மொட்டை மாடி சிமெண்ட் தளம் நம்மூர் வெயிலில் சாயங்காலம் ஐந்து மணிக்கும் உள்ளங்காலைப் பொசுக்கும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், விழுந்தால்? கல் பொறுக்கிய செம்மண் களம் அதற்கு எவ்வளவோ மேல். ஆளைத் தூக்கிப் போடுகிற வித்தை எதுவானாலும் விரிப்பு வேண்டும்.

விழக் கற்றுத் தருகிறார்களா என்று அடுத்துப் பாருங்கள். ஜூடோவில் முதல் பாடமே அதுதான், வேறெந்தக் கலைக்காரருக்கும் உதவும். மல்லாக்கப் படுத்து, தாடையை நெஞ்சோடு ஒட்டி, இடுப்புப் பட்டையின் முடிச்சைப் பார்க்க வேண்டும். கைகளை உடம்பிலிருந்து 45 டிகிரிக்கு மேல் விரிக்காமல், உள்ளங்கை முதல் முழங்கை வரை ஒரே நேரத்தில் தரையில் அறைய வேண்டும். படுத்தபடி பழகி, பிறகு உட்கார்ந்து, குந்தி, கடைசியில்தான் நின்றபடி. தாடை நிமிர்ந்தால் பின்மண்டை இடிக்கும். கை தோள் உயரத்துக்கு விரிந்தால் அதிர்ச்சி தோள் மூட்டுக்குப் போகும். விழும்போது கையை ஊன்றுவது எல்லோருக்கும் இயல்பாக வருவது; மணிக்கட்டும் காறை எலும்பும் முறிவது அதனால்தான்.

கராத்தே வகுப்பானால் ஒரு சிறுவனின் முஷ்டியைக் கவனியுங்கள். நான்கு விரலையும் நுனியிலிருந்து இறுகச் சுருட்டி, கட்டைவிரலை வெளியே, ஆள்காட்டி விரல் நடுவிரல் மேல் குறுக்கே வைக்க வேண்டும். புதுப் பையன்கள் கட்டைவிரலை உள்ளே பொதிந்துகொள்வார்கள். அப்படியே ஓங்கிக் குத்தினால் முறிவது அந்த விரல்தான். பட வேண்டியவை ஆள்காட்டி விரல், நடுவிரல் இவற்றின் கணுக்கள். சுண்டுவிரல் பக்கம் பட்டால் அந்த விரலுக்குப் பின்னுள்ள கையெலும்பு உடையும். மணிக்கட்டு முன்கையோடு நேர்கோட்டில் இருக்க வேண்டும். இதையெல்லாம் ஒவ்வொரு பிள்ளையிடமும் போய்த் தொட்டுத் திருத்துகிறவர் வாத்தியார். முன்னால் நின்று எண்ணிக்கை மட்டும் சொல்கிறவரிடம் மாதச் சம்பளம் கட்ட வேண்டாம்.

சிலம்பத்தில் நல்ல ஆசான் எடுத்த எடுப்பில் கம்பைக் கையில் தரமாட்டார். வெறுங்கையோடு காலடிதான். பையன் சலித்துப்போவான், போகட்டும். காலடி வராமல் கம்பு சுற்றினால் கம்பு முன்னே போகும், கால் பின்தங்கும், அடி தன் முழங்காலுக்கே விழும். பிடியை இறுக்கினால் முன்கை கடுத்துப்போகும். கம்பு, கணு செதுக்கிய மூங்கில். ஊன்றி நிறுத்தினால் அவரவர் நெற்றி உயரம் போதும். வளருகிற பிள்ளையாச்சே என்று செருப்பு வாங்குவதுபோல் பெரிதாக வாங்கிவிடாதீர்கள், நீளக் கம்பின் நுனி தரையில் இடித்துக்கொண்டே இருக்கும். விரிசல் கண்ட கம்பை அடுப்பில் வையுங்கள். சுற்றும்போது சிம்பு தெறித்துக் கண்ணில் பாயும். அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் இப்போது சிலம்பமும் இருப்பதால் சான்றிதழுக்காகவே வருகிறவர்களும் உண்டு. அது தப்பில்லை, காலடியை விட்டுவிட்டு அலங்காரச் சுற்று மட்டும் படிப்பதுதான் தப்பு. முதல் மாதமே வர்மம் சொல்லித் தருகிறேன் என்கிறவர் இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பழைய ஆசான்கள் அதைக் கடைசியில், ஆளைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

ஒழுக்கம் பற்றிக் கேட்டீர்கள். நேரத்துக்கு வருவதும் குனிந்து வணங்குவதும் வெளிக்கூடு. உள்ளே இருப்பது நிறுத்தப் பழகுவது. கராத்தேயில் குத்து எதிராளியின் மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்க வேண்டும். 'யாமே' (ஜப்பானிய மொழியில் 'நிறுத்து') என்று குரல் வந்தால் பாதி வீச்சிலும் கை அசையக்கூடாது. ஜூடோவில் பிடிபட்டவன் கையால் இரண்டு தட்டுத் தட்டினால் அந்தக் கணமே விட்டாக வேண்டும். 'நில்லுல' என்று ஆசான் சொன்னதும் சுற்றுகிற கம்பு கக்கத்தில் அடங்க வேண்டும். ஓங்கிய கையை நிறுத்த நாள்தோறும் ஐம்பது தடவை பழகுகிற பிள்ளை பள்ளிக்கூடத்தில் அடிப்பான் என்று வீட்டில் பயப்பட வேண்டியதில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் 'நிறுத்து' என்றதும் எத்தனை பிள்ளைகள் உடனே நிற்கிறார்கள் என்று பார்த்தாலே வகுப்பின் தரம் தெரிந்துவிடும்.

என் யோசனை, பையனுக்கு அவன் கேட்கிற சிலம்பம். உங்களுக்கும் அதுவே. 41 வயதில் முழங்கால் மடக்கிக் குதிக்கிற உதைகளைவிட காலடி தாங்கும், தோளும் இளகும். முதல் மூன்று மாதம் வாரம் மூன்று நாள், 45 நிமிடம். அதில் 10 நிமிடம் உடம்பைச் சூடாக்க. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போங்கள். நகம் வெட்டி, மோதிரம், கைக்கடிகாரம், பையனின் வெள்ளி அரைஞாண் எல்லாம் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு.