பாலைவன ஆமைகளைக் கணக்கெடுக்கும் பயிற்சியில் என்ன சொல்லித் தருகிறார்கள்? உயிரியல் படிக்காதவர்கள் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். நான் சிவில் படித்தவன். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் சோலார் திட்டங்களுக்குச் சாலை போடும் வேலையில் இருக்கிறேன். அங்கே புல்டோசர் உள்ளே போகும் முன் ஆமைக் கணக்கெடுப்பு முடிந்திருக்க வேண்டும். அதைச் செய்பவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆர்வம் வந்தது. ரிட்ஜ்கிரெஸ்ட் ஊரில், பாலைவன ஆமைகளைக் காக்கப் பாடுபடும் டெசர்ட் டார்ட்டஸ் கவுன்சில் என்ற அமைப்பு நடத்தும் அறிமுகப் பயிலரங்குக்குப் போனேன். பிறகு வசந்த காலத்தில் ஒரு கணக்கெடுப்புக் குழுவோடு சேர்ந்து நடந்தேன்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? மொஹாவி ஆமையை 1990-இல் அமெரிக்க அரசு அழிவு அபாயப் பட்டியலில் சேர்த்தது. கலிஃபோர்னியா 2024-இல் அதை இன்னும் மோசமான நிலைக்கான பட்டியலுக்கு மாற்ற முடிவெடுத்தது. 2004 முதல் 2014 வரை எடுத்த கணக்கில், இந்த ஆமையைக் காக்கப் பிரித்துவைத்திருக்கும் 5 மீட்புப் பகுதிகளில் 4-இல் வளர்ந்த ஆமைகள் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. முட்டையிடும் வயதுக்கு வரவே ஏறக்குறைய 12 முதல் 20 ஆண்டுகள் ஆகும் பிராணி இது. ஒரு பெண் ஆமை லாரியில் அடிபட்டால், அந்த இடம் நிரம்ப எத்தனை காலம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். இந்த ஆமை வாழ்நாளில் பெரும்பகுதியை மண்ணுக்கு அடியில் வளைக்குள்தான் கழிக்கிறது. அதனால் ஆமையைத் தேடுவதற்கு முன்பு அதன் தடயங்களைத் தேடப் பழக்குகிறார்கள். வளையின் வாய் அரைவட்டமாக இருக்கும்: கீழே தட்டை, மேலே வளைவு. அணில் பொந்து வட்டமாக இருக்கும். நரி பொந்து உயரமாக இருக்கும். கிரியோசோட் புதரின் அடியில் நிழலோடு நிழலாக இருக்கும் வளையை முதல் நாளில் யாராலும் லேசில் பிரித்தறிய முடியாது. எச்சத்தையும் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். உடைத்தால் உள்ளே நார் நாராகப் புல். புதியது கருத்து லேசாகப் பளபளக்கும், பழையது வெளுத்துப் போயிருக்கும்.

வளைக்குள் ஆமை இருக்கிறதா என்று பார்க்கக் கைக்கண்ணாடிதான் கருவி. வாயருகே மண்டியிட்டு, சூரிய ஒளியைக் கண்ணாடியில் வாங்கி உள்ளே திருப்ப வேண்டும். ஒளி மண்சுவரில் தடவிக்கொண்டே போய், திடீரென்று செதில் செதிலான இரண்டு முன்னங்கால்களில் விழும். முகத்தை மறைத்துக் கால்களைக் குறுக்கே வைத்துக்கொண்டு ஆமை உட்கார்ந்திருக்கும். அந்தக் கணத்தில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

பயிற்சியிலேயே முக்கியமானது என்று நான் நினைப்பது தெர்மக்கோல் ஆமைகளை வைத்து நடத்தும் சோதனை. மொஹாவி முழுவதற்குமான ஆண்டுக் கணக்கெடுப்புக்கு ஆள் எடுக்கும்போது இதைச் செய்கிறார்கள். ஆமை அளவில், ஆமை நிறத்தில் பொம்மைகள் செய்து, புதர்களுக்கு இடையே போட்டு வைத்திருப்பார்கள். எது எங்கே இருக்கிறது என்று நடத்துபவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. இரண்டு பேர் ஒரு ஜோடி. முன்னால் போகிறவர் திசைகாட்டியைப் பார்த்து நேர்க்கோட்டில் நடப்பார். பின்னால் வருபவர் 25 மீட்டர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி, முன்னவர் தவறவிட்டதைத் தேடுவார். கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போகக் கண்ணில் படுவது குறையும், அது இயல்பு. ஒவ்வோர் ஆமையும் கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று அளந்து எழுதினால், தப்பியவை எத்தனை இருக்கும் என்று கணிதம் சொல்லிவிடும். ஆனால் கோட்டின் மீதே கிடக்கும் ஆமை தப்பினால் அந்தக் கணக்கு முழுவதும் ஆட்டம் கண்டுவிடும். அதனால் இந்தச் சோதனையில் ஒவ்வொருவரும் எத்தனை கண்டுபிடித்தார், எத்தனையை விட்டார் என்று எடைபோடுகிறார்கள். இதுபோக, ரேடியோ பொருத்திய நிஜ ஆமைகளைப் பின்தொடர்ந்து, அந்த நேரத்தில் எத்தனை கண்ணுக்குத் தெரியும்படி இருக்கின்றன என்றும் பார்ப்பார்கள்.

கட்டுமான இடத்துக்கான கணக்கெடுப்பு வேறு மாதிரி. 10 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நின்று, நிலம் முழுவதையும் நடந்தே தீர்க்க வேண்டும். குளிர்காலத்தில் மழை சரியாகப் பெய்யாத வருடத்தில் ஆமைகள் அதிகம் வெளியே வராது என்பதால், அதற்கும் சேர்த்துத்தான் எண்ணிக்கையை மதிப்பிட வேண்டும். இதில் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மொஹாவியில் உள்ள ஐவன்பா சூரிய மின் நிலையமே சாட்சி. 2010-இல் வேலை தொடங்கியபின் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஆமைகள் கிடைக்க, 2011 ஏப்ரலில் திட்டத்தின் ஒரு பகுதியை அரசு நிறுத்திவைத்தது. வேலை நின்றால் பணம் போகும், சரி. நிற்காமல் போயிருந்தால் வளையோடு சேர்த்துப் புதைந்திருக்கும் உயிர்கள் அவை. என் துறைக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், ஆமையைத் தூக்குவது. பலர் இதற்காகத்தான் ஆசையோடு வருகிறார்கள். சொல்லித் தருவதோ, எப்போதெல்லாம் தூக்கக் கூடாது என்பதைத்தான். மழையே இல்லாத மாதங்களைக் கடக்க இந்த ஆமை சிறுநீர்ப்பையில் தண்ணீர் சேர்த்து வைக்கிறது. உடல் எடையில் 40 சதவீதம் வரைகூட அது இருக்கலாம். பயந்தால் அவ்வளவையும் வெளியேற்றிவிடும், கோடையில் அதுவே உயிருக்கு ஆபத்து. எனவே தூக்க வேண்டி வந்தால், தளும்பும் குடத்தைத் தூக்குவது போல இரண்டு கைகளாலும் சாய்க்காமல், தரையை ஒட்டி மெதுவாக. தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தொடவே கூடாது. ஒவ்வோர் ஆமைக்கும் புதுக் கையுறை. மூச்சுக்குழாய் நோயை உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா கிருமி கை வழியாகவே அடுத்த ஆமைக்குப் போய்விடும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பயிலரங்கு முடித்த சான்றிதழ் கையில் இருந்தாலும் ஆமையைத் தொட உரிமை கிடையாது. மீன், வனவிலங்குத் துறை உங்கள் களநேரத்தைப் பார்த்து, அந்தந்தத் திட்டத்துக்கென்று அனுமதி தரும். அதுவரை அனுமதி பெற்ற உயிரியலாளரின் கீழ் கண்காணிப்பாளராக வேலை செய்யலாம். அதுவும் பெரிய வேலைதான்: ஓட்டுநர் வண்டியை எடுக்கும் முன் அடியில் குனிந்து பார்த்தாரா, வேலியின் கம்பிவலை மண்ணுக்குள் சரியாகப் புதைந்திருக்கிறதா, குப்பைத்தொட்டி மூடியிருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். குப்பைக்கு அண்டங்காக்கை வரும். அது ஓடு இறுகாத குஞ்சாமைகளைக் கொத்தித் தின்றுவிடும்.

நல்ல காலணி, தொப்பி, நிறையத் தண்ணீர், வெயிலில் பொறுமையாக நடக்கும் மனம், இவை இருந்தால் போதும். ஏப்ரல், மே, பிறகு செப்டம்பர், அக்டோபர்தான் ஆமைகள் அதிகம் வெளியே நடமாடும் காலம், கள வேலையும் அப்போதுதான். பயிற்சி எடுக்காதவர்கள் அந்தப் பக்கம் காரில் போகும்போது நடுரோட்டில் ஆமையைக் கண்டால், வண்டியைப் பாதுகாப்பாக ஓரம் கட்டிவிட்டு, அது கடக்கும்வரை காத்திருங்கள். அடிபடும் நிலை இருந்தால் மட்டும், அது போகும் திசையிலேயே நிமிர்த்திப் பிடித்துக் கொண்டுபோய்ச் சாலைக்கு அப்பால் விடுங்கள். வீட்டில் வளர்த்த ஆமையைக் காட்டில் கொண்டுபோய் விடாதீர்கள், நோய் பரவும்.