பாமினியில் தட்டிய நூற்பட்டியலில் தேடினால் ஏன் ஒன்றும் வருவதில்லை?

மட்டக்களப்பில் உங்கள் வாசிகசாலையின் பழைய பட்டியல் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியது என்றீர்கள், கோளாறு அங்கேதான். பாமினியில் 'அ' கோப்புக்குள் ஆங்கில 'எம்' எழுத்தாகவே கிடக்கிறது, எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போடுகிறது. தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியீடு உள்ள யுனிகோடில் 'அம்மா' என்று தேடினால் எப்படி அகப்படும்? நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, பாமினி-யுனிகோட் மாற்றியில் போடுங்கள். ஆங்கிலத் தலைப்புகளை முதலே பிரித்தெடுங்கள். இல்லாவிட்டால் அவையும் தமிழ்க் குப்பையாகிவிடும்.

மாற்றிய பிறகும் 'களுவாஞ்சிகுடி' என்று தேடினால் 'களுவாஞ்சிக்குடி' வராது. கணினிக்கு ஒரு 'க்' கூடினாலே அது வேறு ஊர்! 'களுவாஞ்சி' வரை மட்டும் தட்டுங்கள், இரண்டும் வரும்.

தட்டாமல் ஸ்கேன் செய்த பக்கங்களும் இருந்தால், அவை வெறும் படம். 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) குறையாமல் எடுத்து, படத்திலுள்ள எழுத்தை வாசித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருளில் போட்டால்தான் தேடலாம். அதிலும் ன, ண தடுமாறும். ஆசிரியர் பெயர்களையாவது கண்ணால் சரிபாருங்கள்.