சாலையில் ஓட்டும் பழைய பெர்ஃபாமன்ஸ் காருக்கு டார்க் முக்கியமா, குதிரைத்திறன் முக்கியமா?

1960களின் கடைசியில் வந்த அமெரிக்க கார்களைக் குறிப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். கீழ் ஆர்பிஎம்மிலேயே (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, அள்ளிக் கொடுக்கும் பெரிய எஞ்சின் மேலா, அல்லது 6000, 7000 என்று சுழன்று குதிரைத்திறனைக் காட்டும் சிறிய எஞ்சின் மேலா என்பது கேள்வி.

சாலைக்கு டார்க்தான். ஆனால் டார்க் என்பது குதிரைத்திறனிலிருந்து வேறான தனிச் சக்தி என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

மிச்சிகனில் 19 ஆண்டுகளாக எஞ்சின் சோதனை வேலையில் இருக்கிறேன். என் அடுத்த வீட்டுப் பெரியவரிடம் 1970ஆம் ஆண்டு ப்யூக் ஜிஎஸ் 455 ஸ்டேஜ் 1 இருக்கிறது, தானியங்கி கியர். அவருடைய மைத்துனரிடம் 1969 கமாரோ இசட்/28. இருவரும் சந்தித்தால் இந்த வழக்குதான். நான் இரண்டையும் ஓட்டியிருக்கிறேன்.

கமாரோவை முதலில் ஓட்டிய நாளை மறக்க முடியாது. சிக்னலில் பச்சை விழுந்தது. ஊரில் அம்பாசிடரைக் கிளப்பும் பழக்கத்தில் 1500 ஆர்பிஎம்மில் கிளட்ச்சை விட்டேன். இரண்டு முறை துள்ளிவிட்டு எஞ்சின் அணைந்துபோனது. பின்னால் ஹாரன். பதற்றத்தில் அடுத்த முறை 4000 வரை ஏற்றி விட்டேன். டயர் புகைந்தது, கார் அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த உரிமையாளர் ஒன்றும் சொல்லவில்லை, கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அந்த கியர்பாக்ஸ் நெருங்கிய விகிதங்கள் கொண்டது: 2.20, 1.64, 1.28, 1.00. ஓடும்போது கியருக்குக் கியர் ஆர்பிஎம் அதிகம் விழாமல் இருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். அதற்கு விலையாக முதல் கியரே உயரமாகிவிடுகிறது, அதாவது எஞ்சினின் இழுவையை அது குறைவாகவே பெருக்குகிறது. நின்ற நிலையிலிருந்து கிளம்ப அது உதவாது.

ப்யூக்கில் அந்தக் கதை எதுவும் இல்லை. காலை வைத்தால் போகும்.

இனி கணக்கு. அன்றைய நிறுவன அறிவிப்புப்படி ப்யூக் ஸ்டேஜ் 1 எஞ்சின் 455 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 7.5 லிட்டர். 4600 ஆர்பிஎம்மில் 360 எச்பி (குதிரைத்திறன்), 2800ல் 691 நியூட்டன் மீட்டர் டார்க். இசட்/28 எஞ்சின் 302 கன அங்குலம், 5 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 5800ல் 290 எச்பி, 4200ல் 393 நியூட்டன் மீட்டர். ஏர் ஃபில்டர், சைலன்சர், ரேடியேட்டர் விசிறி எதையும் மாட்டாமல் மேடையில் வைத்து அளந்த பழைய முறை எண்கள் இவை; 1972இலிருந்துதான் காரில் இருக்கும் நிலையிலேயே அளந்து அறிவிக்கும் முறைக்கு மாறினார்கள். காப்பீட்டு நிறுவனங்களின் கண்ணில் படாமலிருக்க இரண்டு எஞ்சின்களுக்கும் குதிரைத்திறனைக் குறைத்தே சொன்னார்கள் என்பதும் பரவலான நம்பிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்களே போதும்.

டார்க்கும் குதிரைத்திறனும் இரண்டு தனிப் பொருட்கள் என்று எண்ணுவதில்தான் எல்லா விவாதமும் வழிதவறுகிறது. நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 7121ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வந்துவிடும். ப்யூக் 2800 ஆர்பிஎம்மில் எவ்வளவு தருகிறது? 272 எச்பி. இசட்/28 அதே 2800இல்? அதன் உச்ச டார்க்கே 393 என்பதால் 155ஐத் தாண்ட வழியே இல்லை; உண்மையில் அதற்கும் கீழே. விளம்பரத் தாளில் இரண்டுக்கும் 70 எச்பி வித்தியாசம். நீங்கள் உண்மையில் ஓட்டும் இடத்தில் வித்தியாசம் 117க்கும் மேல். "கீழ் டார்க்" என்று நாம் சொல்வது வேறொன்றுமில்லை, கீழ் ஆர்பிஎம்மில் கிடைக்கும் குதிரைத்திறன்தான்.

அப்படியானால் கியர் எதற்கு இருக்கிறது என்று கமாரோக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. நெடுஞ்சாலையில் மணிக்கு 97 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது அவர்களுடைய 60 மைலில், நான்காவது கியரில் அவருடைய கார் ஏறத்தாழ 2900 ஆர்பிஎம்மில் இருக்கும். பின் ஆக்சில் விகிதம் 3.73, அதாவது கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.73 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும்; டயர் அளவைப் பொறுத்து இது சற்று மாறும். அங்கே ஆக்சிலரேட்டரை மிதித்தால் பெரிதாக எதுவும் நடக்காது. இரண்டாவது கியருக்கு இறக்கினால் ஊசி 4800க்குத் தாவுகிறது, சுமார் 255 எச்பி கையில் வருகிறது. அந்த நொடியில் கார் வேறு காராகிவிடுகிறது. ஆனால் 3.42 ஆக்சில் கொண்ட ப்யூக் அதே வேகத்தில் மேல் கியரிலேயே, யாரும் எதையும் தொடாமலேயே, ஏறக்குறைய அதே 255ஐ வைத்துக்கொண்டு சும்மா உருண்டுகொண்டிருக்கிறது. கியரை இறக்கினால் அதற்கு மேல். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சக்கரத்தைத் தள்ளும் விசை எவ்வளவு என்பதை அந்தக் கணத்தில் வரும் குதிரைத்திறன்தான் முடிவு செய்கிறது. எனவே கமாரோ தோற்கவில்லை, இரண்டு கியர் இறக்கி, சத்தம் போட்டு, ப்யூக் ஏற்கெனவே நின்ற இடத்துக்கு வந்து சேர்கிறது. ஒரு நாளில் எத்தனை முறை அதைச் செய்யத் தயார் என்பதுதான் கேள்வி.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதிலும் ஒரு தவறான கருத்து ஊறிப்போயிருக்கிறது. "ஸ்ட்ரோக் (பிஸ்டன் சிலிண்டருக்குள் மேலும் கீழும் நகரும் தூரம்) நீளமானால் டார்க் அதிகம்" என்பார்கள். திருவொற்றியூரில் தயாரான பழைய 350 சிசி புல்லட்டில் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. அதன் இழுவையை அனுபவித்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்த விதி வேதவாக்கு. ஆனால் ப்யூக் 455ஐப் பாருங்கள்: விட்டம் 109.5, ஸ்ட்ரோக் 99. விட்டம்தான் பெரியது. கொள்ளளவு மாறாமல் ஸ்ட்ரோக்கை நீட்டினால், பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்கின் நெம்புகோல் நீள்கிறது, பிஸ்டனின் பரப்பு குறைகிறது; ஒன்றுக்கொன்று சரியாகிவிடுகிறது. டார்க்கைக் கொடுப்பது முதலில் கொள்ளளவு. லிட்டருக்கு வகுத்துப் பார்த்தால் ப்யூக் 93 நியூட்டன் மீட்டர், இசட்/28 79. ஏழரை லிட்டருக்கும் ஐந்து லிட்டருக்கும் உள்ள தூரத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய வித்தியாசம்.

அந்தச் சிறிய வித்தியாசத்துக்குக் காரணம் கேம்ஷாஃப்ட், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. இசட்/28 கேம், உள்ளே இழுக்கும் வால்வை வெகு தாமதமாக மூடுகிறது. 6000 ஆர்பிஎம்மில் காற்று வேகமெடுத்து வருவதால், பிஸ்டன் மேலே திரும்பத் தொடங்கிய பிறகும் உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். 1500இல் அந்த வேகம் இல்லை. மேலே வரும் பிஸ்டன், இழுத்த காற்றில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடுகிறது. கூடவே பெரிய காற்றுப் பாதைகள், பெரிய கார்புரேட்டர். மெதுவாகச் சுழலும்போது பெட்ரோல் சரியாகக் கலக்கக்கூட நேர்வதில்லை. என்னைச் சிக்னலில் அவமானப்படுத்தியது இதுதான்.

சிறிய ஸ்ட்ரோக் கொடுப்பது சுழலும் சுதந்திரம். இசட்/28 ஸ்ட்ரோக் 76.2 மில்லிமீட்டர். அது 7000 ஆர்பிஎம்மில் சுழலும்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 17.8 மீட்டர். ப்யூக் பிஸ்டன் அதே வேகத்தை 5400 ஆர்பிஎம்மிலேயே எட்டிவிடுகிறது. இரண்டு எஞ்சின்களின் இரும்பும் ஏறத்தாழ ஒரே அளவு பாடுபடுகிறது. ஒன்று கத்துகிறது, மற்றொன்று முனகுகிறது.

கமாரோ அப்படி உருவானதற்குச் சாலை காரணமே இல்லை. 1966இல் தொடங்கிய டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் எஞ்சின் 5 லிட்டரைத் தாண்டக் கூடாது என்று விதி. ஷெவ்ரோலே தன் 327 எஞ்சின் பிளாக்கில் பழைய 283இன் கிராங்கை வைத்து 302 கன அங்குலத்தில் நிறுத்தியது. பந்தய அனுமதிக்காகச் சாலைக்கும் விற்றார்கள். 1967இல் விற்றவை வெறும் 602. 1968, 1969 இரண்டு ஆண்டுகளும் டிரான்ஸ்-ஆம் தயாரிப்பாளர் பட்டம் ஷெவ்ரோலேக்கு. ஃபோர்டு அதே விதிக்காகச் செய்ததுதான் பாஸ் 302 மஸ்டாங். அதற்கும் 5800இல் அதே 290 எச்பி. பந்தயத்தில் 4000க்குக் கீழே யாரும் இறங்குவதில்லை, எனவே அங்கே ஓட்டை இருந்தாலும் கவலையில்லை. ப்யூக்கின் 455க்கு இப்படிப்பட்ட பூர்வீகம் கிடையாது. நடுத்தர அளவு கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்ற தன் சொந்தக் கட்டுப்பாட்டை ஜெனரல் மோட்டார்ஸ் 1970 மாடல்களுக்கு நீக்கியது. பெரிய கார்களை மௌனமாக இழுப்பதற்கான எஞ்சினை ஃபிளின்ட் நகரத்துப் ப்யூக்காரர்கள் இந்தக் காரில் இறக்கினார்கள்.

டார்க் ரசிகர்கள் மறைக்கும் ஒரு விஷயமும் இருக்கிறது. அன்றைய டயர்களுக்கு 691 நியூட்டன் மீட்டரைத் தாங்கும் பிடி இல்லை. முதல் இருபது மீட்டரில் எஞ்சின் எவ்வளவு தருகிறது என்பதைவிட டயர் எவ்வளவு ஏற்கிறது என்பதே கணக்கு, மிச்சமெல்லாம் புகை. ப்யூக் பெரியவர் புறப்படும்போது பெடலைப் பாதிக்கு மேல் அழுத்துவதில்லை. வளைந்து செல்லும் சாலையில் மூக்குக் கனமும் தெரியும். அப்படிப்பட்ட சாலையில், மூன்றாவது கியரில், 4500ஐத் தாண்டும்போது கமாரோ எழுப்பும் குரலுக்கு முன்னால் நான் மேலே போட்ட கணக்கெல்லாம் செல்லாக்காசு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட்டின் உட்வர்டு அவென்யூவில் பழைய கார்கள் ஊர்ந்து செல்லும் விழா நடக்கும், 1995இலிருந்து. அறுபதுகளில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட அதே சாலை. இப்போது நடை வேகம். ப்யூக்காரர் முழங்கையைச் சன்னலில் வைத்துக்கொண்டு வருவார். கமாரோக்காரர் கனமான கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது கால் மரத்து, கரி படிந்த ஸ்பார்க் பிளக்குகளோடு திக்கித் திக்கி வருவார்.

தயாரித்தவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. 1970இல் இசட்/28க்கு 350 கன அங்குல எஞ்சின் வந்தது. சிலிண்டர் விட்டம் அதேதான். ஸ்ட்ரோக் மட்டும் 76.2இலிருந்து 88.4 ஆனது. டார்க் 393இலிருந்து 515 நியூட்டன் மீட்டருக்கு ஏறியது. அதுவரை இல்லாத தானியங்கி கியரும் கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஹோண்டா எஸ்2000இலும் இதுவே நடந்தது. 8900 வரை சுழன்ற 2 லிட்டர் எஞ்சினை, அமெரிக்காவில் 2004 மாடலில் விட்டத்தைத் தொடாமல் ஸ்ட்ரோக்கை 84இலிருந்து 90.7 ஆக்கி 2.2 லிட்டராக்கினார்கள். சுழலும் எல்லை இறங்கியது, உச்ச டார்க் 7500இலிருந்து 6500க்கு வந்தது.

நீங்கள் வாங்கப் போவது சாலைக்கென்றால் பெரிய எஞ்சினைப் பாருங்கள். ஏற்கெனவே உயர் ஆர்பிஎம் எஞ்சின் கையில் இருந்தால், அதைப் பிரிப்பதற்கு முன் பின் ஆக்சிலை 4.10க்கு மாற்றிப் பாருங்கள். பாதிக் குறை அங்கேயே தீரும், நெடுஞ்சாலையில் காதுதான் பாவம். நம் கமாரோக்காரர் வேறு வழியில் போனார். போன ஆண்டு அசல் 302ஐ இறக்கி தார்ப்பாயில் சுற்றி வைத்துவிட்டு, ஒரு 350ஐ மாட்டியிருக்கிறார். ப்யூக் பெரியவரிடம் இன்னும் சொல்லவில்லை. பானெட்டைத் திறக்கச் சொன்னால் மட்டும் பேச்சை மாற்றுகிறார்.