கறுப்பு கோகோவும் சமையல் சோடாவும்

கேள்வி: சமையல் சோடா மட்டும் சேர்க்கும் கேக் குறிப்புக்கு, நேரு வீதிக் கடையொன்றில் வழக்கத்தைவிடக் கறுத்த கோகோ பவுடரை வாங்கினேன். கேக் எழும்பவில்லை, சோப்பு வாடையும் அடித்தது. பவுடர் கெட்டதா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பதில்: பவுடர் கெட்டிருக்க வாய்ப்பில்லை, அதன் வகைதான் மாறியிருக்கிறது. இயற்கை கோகோ பவுடர் புளிப்புத்தன்மை உடையது என்பதால், சோடா அதனுடன் வினைபுரிந்து, கேக்கை எழுப்பும் கரியமில வாயுவை உண்டாக்குகிறது. நீங்கள் வாங்கியதோ, 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் சாக்லேட் தயாரிப்பாளர் வான் ஹூட்டன் புகுத்திய முறைப்படி, பொட்டாசியம் கார்பனேட் போன்ற காரப்பொருளால் புளிப்பு நீக்கப்பட்ட ‘டச்சு’ வகையாக இருக்க வேண்டும். வினைபுரிய அமிலமின்றி எஞ்சிய சோடாவே அந்தச் சோப்பு வாடைக்குக் காரணம்.

பொருள் பட்டியலில், பொட்டாசியம் கார்பனேட்டைக் குறிக்கும் 501 என்ற எண் இருந்தால் அது பெரும்பாலும் டச்சு வகையே. ஐயமிருந்தால், ஒரு கரண்டி பவுடரை வெந்நீரில் கரைத்து ஒரு சிட்டிகை சோடாவைத் தூவிப் பாருங்கள். இயற்கை வகை நுரைத்துப் பொங்கும், மற்றது ஏறக்குறைய அசையாமல் கிடக்கும்.

கையிலுள்ள பவுடரை வீணாக்க வேண்டாம். கால் தேக்கரண்டி சோடாவுக்குப் பதிலாக முக்கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேருங்கள். குறிப்பில் புளித்த தயிரோ மோரோ இருந்தால் சோடாவே போதும். ஐஸ்கிரீமுக்கும் கேக்கின் மேல்பூச்சுக்கும் டச்சு வகையின் அடர்நிறமும் மென்சுவையும் மிகப் பொருத்தம் என்பேன். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் இரண்டுமே கட்டி தட்டும் என்பதால், இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். சர்க்கரை கலந்த டிரிங்கிங் சாக்லேட்டை மட்டும் எதற்கும் மாற்றாகப் பயன்படுத்தாதீர்கள்.